ஒரே ஒருமுறை வென்ற தொகுதி

காஞ்சிபுரம் தொகுதி சி. என். அண்ணாதுரையைச் சட்டமன்றத்துக்கு ஒரே ஒருமுறைதான் அனுப்பியது. 1957இல் அங்கே வென்றார். 1962இல் அதே ஊரில் தோற்றார். அதன் பிறகு எந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் அவர் நிற்கவில்லை. முதலமைச்சராக இருந்தபோதுகூட அவர் சட்டமேலவை உறுப்பினராகவே இருந்தார். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினராக அவர் இருந்த காலம் மொத்தம் ஐந்து ஆண்டுகள்.

அண்ணாவின் மேடைப்பேச்சும் எழுத்தும் முதலமைச்சர் பொறுப்பும் நிறைய எழுதப்பட்டுவிட்டன. எதிர்வரிசையில் பதினைந்து பேருக்குத் தலைவராக அவர் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து ஆண்டுகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஆனால் 1967க்குப் பிறகு நடந்த பலவற்றின் விதை அங்கேதான் ஊன்றப்பட்டது. தெருவில் வளர்ந்த இயக்கம் ஒன்று சட்டமன்றத்தின் மொழியைக் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். அதைக் கற்றுக்கொடுத்தவர் காஞ்சிபுரத்து உறுப்பினர்.

தறியும் கோயிலும்

அண்ணா 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். ‘தொத்தா’ என்று அவர் அழைத்த இராசாமணி அம்மையார்தான் அவரை வளர்த்தார். குடும்பம் வாழ்ந்தது சின்ன காஞ்சிபுரத்தில். அந்த வீடு இன்று நினைவில்லம்.

ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராசப் பெருமாள் என்று பெருங்கோயில்களின் பெயரால் உலகம் அறிந்த ஊர் இது. ஊரின் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டது தறி. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே குழி வெட்டித் தறி போட்டிருப்பார்கள். சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் தறியைச் சுற்றித்தான். காஞ்சிப் பட்டின் தனித்தன்மை கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி மூன்று நாடாக்களால் நெய்ய வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கான நாடாவை வீச, நெசவாளரின் அருகே இன்னொருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளையாக இருக்கும். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. நெய்பவருக்குக் கிடைப்பது சேலைக்கு இவ்வளவு என்ற கூலி. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்ததால், விலை ஏறினாலும் இறங்கினாலும் ஊருக்கு வெளியே இருந்த ஒருவர்தான் அதை முடிவு செய்தார்.

பின்னாளில் பொருளாதாரம் படித்து, அதிகாரம் எங்கே குவிந்திருக்கிறது என்ற கேள்வியை அரசியலின் நடுவில் வைத்தவர் இப்படியொரு தெருவிலிருந்து வந்தார் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் படித்த அவர், குடும்பச் சூழல் காரணமாகச் சிறிது காலம் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரமும் அரசியலும் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார்.

பொதுவாழ்வின் தொடக்கம் நீதிக்கட்சி. 1930களின் நடுவில் அக்கட்சி வேட்பாளராகச் சென்னை மாநகராட்சித் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்று தோற்றார். அவருடைய முதல் தேர்தலும் தோல்வி, சட்டமன்றத்துக்கான கடைசித் தேர்தலும் தோல்வி. பெரியாரைச் சந்தித்தது, ‘விடுதலை’, ‘குடிஅரசு’ இதழ்களில் பணிபுரிந்தது, 1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றது, 1944இல் சேலத்தில் ‘அண்ணாதுரை தீர்மானம்’ வழியாக நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது ஆகியவை பலரும் அறிந்தவை. காஞ்சிபுரத்தைப் பொறுத்தவரை முக்கியமான ஆண்டு 1942. அந்த ஆண்டு மார்ச்சில் ‘திராவிட நாடு’ வார இதழை அவர் தொடங்கினார். சென்னைக்குப் போய்ப் பெயர் பெற்றவர், அச்சகத்தையும் அலுவலகத்தையும் சொந்த ஊரில் வைத்துக்கொண்டார்.

பெரியாரிடமிருந்து பிரிந்த அண்ணாவின் தலைமையில், 1949 செப்டம்பர் 17 அன்று சென்னை இராயபுரம் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகம் (தி.மு.க.) தொடங்கப்பட்டது.

பெட்டிகளில் எடுத்த முடிவு

புதிய கட்சி உடனே தேர்தலுக்கு வந்துவிடவில்லை. 1952இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் தி.மு.க. போட்டியிடவில்லை, திராவிட நாடு என்ற தனிநாட்டுக் கோரிக்கையை ஆதரிப்பதாகக் கையெழுத்திட்ட பிற கட்சி வேட்பாளர்களுக்கும் சுயேச்சைகளுக்கும் ஆதரவு கொடுத்தது. கட்சியின் களம் போராட்டமும் பொதுக்கூட்டமுமாக இருந்தது. அன்றைய முதலமைச்சர் ராஜாஜியின் கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு, டால்மியாபுரத்தைக் கல்லக்குடி என மாற்றக் கோரிக்கை, போராட்டங்களை இகழ்ந்த நேருவின் சொல்லுக்குக் கண்டனம் என்று 1953இல் மும்முனைப் போராட்டம் நடந்தது.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்று காஞ்சிபுரத்துக்கு நெருக்கமானது. ஆலைத் துணியின் போட்டியால் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் தவித்த நேரம் அது. தி.மு.க. தலைவர்கள் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அண்ணா விற்றது திருச்சியில். முதலமைச்சர் ராஜாஜியும், வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் வலியுறுத்தினார். இந்த ஒரு விஷயத்தில் எதிரெதிர் அணிகள் ஒரே பக்கம் நின்றன. ஆனால் துணிக் கொள்கையை முடிவு செய்யும் அதிகாரம் டெல்லியிடம் இருந்தது. கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கும் மத்தியச் சட்டம் வர 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோளில் துணி சுமப்பது மனத்தைத் தொடும், கூலியை உயர்த்தாது. சட்டம் இயற்றும் இடத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் கட்சிக்குள் வலுப்பட இத்தகைய அனுபவங்களுக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும்.

தேர்தலுக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வியை 1956 மே மாதத்தில் திருச்சி மாநாட்டில் அண்ணா தொண்டர்களிடமே விட்டார். சிவப்பும் கறுப்புமாக இரண்டு பெட்டிகள் வைக்கப்பட்டன. 56,000க்கும் மேற்பட்டோர் போட்டியிட வேண்டும் என்றனர்; 4,000 பேர் அளவில் வேண்டாம் என்றனர். தலைவர் அறிவித்தால் போதும் என்று இருந்த காலத்தில், கட்சியின் போக்கையே மாற்றும் முடிவு ஒன்று வாக்குப்பெட்டி வழியாக எடுக்கப்பட்டது. அண்ணாவின் அரசியல் வாழ்வில் இதற்கு உரிய மதிப்பு தரப்பட வேண்டும். நாடாளுமன்ற முறைக்குள் நுழையும் முன், அந்த முறையை அவர் தம் கட்சிக்குள் நடத்திக் காட்டினார்.

1957 தேர்தலில் தி.மு.க.வுக்கு அங்கீகாரமோ பொதுவான சின்னமோ இல்லை. வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே நின்றார்கள். பெரியார் காமராஜரை ஆதரித்தார். காமராஜர் தலைமையில் காங்கிரஸ் 205 இடங்களில் 151ஐப் பிடித்தது. தி.மு.க. சார்பில் பதினைந்து பேர் வென்றனர். காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் மு. கருணாநிதி, எழும்பூரில் க. அன்பழகன், பெரம்பூரில் சத்தியவாணி முத்து, ஆயிரம் விளக்கில் ஏ. வி. பி. ஆசைத்தம்பி ஆகியோர் அவர்களுள் சிலர். மக்களவைக்கு ஈ. வெ. கி. சம்பத்தும் இரா. தர்மலிங்கமும் போனார்கள். 1958இல் கட்சிக்கு மாநில அங்கீகாரமும் உதயசூரியன் சின்னமும் கிடைத்தன.

கோயில் நகரம் ஒரு பகுத்தறிவு இயக்கத்தின் தலைவரைத் தேர்ந்தெடுத்தது எப்படி என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்த நேரத்துக்குள் அண்ணா பெரியாரின் கடவுள் மறுப்பிலிருந்து விலகி, குலமும் ஒன்று கடவுளும் ஒருவரே என்ற திருமூலர் கருத்தைத் தம் கட்சியின் நிலையாக வைத்திருந்தார். பெரியார் 1953இல் பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்தியபோது தி.மு.க. அதில் சேரவில்லை. வரதராசர் கருடசேவைக்கு நள்ளிரவிலேயே எழுந்து போகும் நெசவாளர் குடும்பமும் அண்ணாவுக்கு வாக்களிப்பதில் முரண்பாடு காணாத நிலையை அவர் உருவாக்கினார். இது அவருடைய இயல்பான நிதானத்திலிருந்து வந்ததா, தேர்தல் கணக்கிலிருந்து வந்ததா என்று இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே இருந்தன என்று கொள்வதே நியாயம்.

எதிர்வரிசையில் ஐந்து ஆண்டுகள்

அன்றைய சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பு அண்ணாவிடம் இல்லை. காங்கிரஸிலிருந்து பிரிந்து நின்ற சீர்திருத்தக் குழுவின் வி. கே. ராமசாமி முதலியாரிடம் இருந்தது. அண்ணா தம் குழுவுக்கு மட்டுமே தலைவர். எந்த வாக்கெடுப்பிலும் வெல்லும் எண்ணிக்கை அவரிடம் இல்லை. எதிரே இருந்ததோ தமிழகம் கண்ட திறமையான அமைச்சரவைகளில் ஒன்று. முதலமைச்சர் காமராஜர் குறைவாகப் பேசுவார், நிறையத் தெரிந்து வைத்திருப்பார். நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம் அவை முன்னவர். எதிர்க்கட்சியின் ஒவ்வொரு வாதத்துக்கும் எண்களோடு பதில் சொல்பவர். தொழில்துறையை ஆர். வெங்கட்ராமன் பார்த்தார்.

மேடையில் கைதட்டல் வாங்கித்தந்த அடுக்குமொழி இங்கே எடுபடாது. ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்ற முழக்கம் கூட்டத்தில் ஒரு வரியாக ஒலிக்கலாம். அவையில் அதை நிறுவ வேண்டும். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆகிய மூன்று இடங்களுக்கு இரும்பாலை கிடைத்தது. மூன்றும் விந்தியத்துக்கு வடக்கே அல்லது கிழக்கே. சேலத்தில் இரும்புத்தாது இருந்தும் ஆலை வரவில்லை என்பது தி.மு.க.வின் வாதம். நெய்வேலி நிலக்கரியும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் வந்திருக்கின்றனவே என்பது அரசின் பதில். இரு தரப்பிடமும் உண்மை இருந்தது. இந்த வாதம் நிதிநிலை அறிக்கை, திட்ட ஒதுக்கீடு, மத்திய மாநில நிதிப் பகிர்வு என்று எண்களுக்குள் இறங்கியபோது, பிரிவினைக் கோரிக்கையாகத் தொடங்கிய ஒன்று மெல்ல மாநில உரிமைக் கோரிக்கையாக உருமாறியது. கட்சி அதை அறிவிப்பதற்கு முன்பே அவை நடவடிக்கை அதைச் செய்யத் தொடங்கிவிட்டது.

அண்ணாவின் அவைப் பண்பு பற்றிச் சொல்லப்படுவதில் மிகை உண்டு என்றாலும், அடிப்படை உண்மை. எதிர்த்தரப்பின் நல்ல செயலை நல்லதென்று சொல்ல அவர் தயங்கவில்லை. மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு என்பது அவர் பெயரோடு சேர்ந்தே வழங்கும் வாக்கு. 1954இல் காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது தி.மு.க. அவரை ஆதரித்ததும் அந்த மனப்போக்கின் வெளிப்பாடே. காமராஜர் அரசு பள்ளிகளைத் திறந்ததையும் மதிய உணவு கொடுத்ததையும் ஒரு எதிர்க்கட்சி வெறுமனே பழித்திருந்தால், ஏழை வாக்காளர் அக்கட்சியை நம்பியிருக்க மாட்டார். நல்லதை ஏற்றுக்கொண்டு, போதாததைச் சுட்டிக்காட்டும் எதிர்ப்பு கடினமானது. அதற்குப் படிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், தம் கட்சிக்காரர்களின் கோபத்தையும் தாங்க வேண்டும்.

இந்தக் காலத்தின் மிக முக்கியமான விவாதம் மாநிலத்தின் பெயர். தியாகி சங்கரலிங்கனார் தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 76 நாள் உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபரில் உயிர்நீத்தார். மொழிவழி மாநிலம் அமைந்த பிறகும் பெயர் ‘மெட்ராஸ்’ ஆகவே நீடித்தது. 1957இல் தி.மு.க. கொண்டுவந்த பெயர்மாற்றத் தீர்மானம் தோற்றது. 1961இல் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் சின்னதுரை ஒரு தீர்மானம் கொண்டுவந்தபோது தி.மு.க. அதை ஆதரித்தது. அப்போது சி. சுப்பிரமணியம், தமிழில் எழுதும்போது ‘தமிழ்நாடு’ என்றும் ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்றும் அரசு வழங்கும் என அறிவித்தார். பாதி வெற்றி. பதினைந்து பேர் வாக்கெடுப்பில் வென்று பெற்றதல்ல இது. நான்கு ஆண்டுகள் விடாமல் கேட்டதால், மறுப்பவர்களே ஒரு படி இறங்கி வந்தார்கள்.

வெளியிலும் கட்சி வளர்ந்தது. 1959 சென்னை மாநகராட்சித் தேர்தலில் தி.மு.க. பெரிய கட்சியாக வந்து மேயர் பதவியைப் பிடித்தது. அதே வேகத்தில் உள்பூசலும் வந்தது, 1961இல் ஈ. வெ. கி. சம்பத் பிரிந்து தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கினார்.

தோல்வி தந்த டெல்லி

1962 தேர்தலில் காமராஜர் ஒரு குறி வைத்தார். முந்தைய முறை வென்ற பதினைந்து பேரும் திரும்பி வரக் கூடாது என்பது அது. ஏறத்தாழ நிறைவேற்றியும் விட்டார். பதினைந்து பேரில் மீண்டும் வந்தவர் கருணாநிதி ஒருவர்தான். அவரும் தொகுதி மாறித் தஞ்சாவூரில் நின்றார். காஞ்சிபுரத்தில் அண்ணாவை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியது எஸ். வி. நடேச முதலியாரை. பேருந்துத் தொழில் நடத்தியவர், ஊரில் செல்வாக்கு உள்ளவர். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் அவர் வென்றார்.

கட்சி தோற்கவில்லை. தி.மு.க. 50 இடங்களைப் பிடித்து முதன்மை எதிர்க்கட்சியானது. வாக்கு விழுக்காடு 27 அளவுக்கு உயர்ந்தது. தலைவர் தோற்று, கட்சி மும்மடங்குக்கும் மேல் வளர்ந்த அந்த முடிவைப் பலவிதமாக விளக்குவதுண்டு. பணமும் சாதிக் கணக்கும் பேசப்பட்டன. மாநிலம் முழுவதும் பிரசாரத்துக்குப் போக வேண்டிய தலைவர், சொந்தத் தொகுதியில் செலவிட்ட நாட்கள் குறைவு. தொகுதிக்காரர் பார்வையில் இன்னொன்றும் இருந்திருக்கும். ஆளும் கட்சி உறுப்பினர் சாலை போடச் சொல்லலாம், கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடன் வாங்கித் தரலாம், பேருந்து விடலாம். எதிர்வரிசையில் உட்கார்ந்து திட்ட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும் உறுப்பினரால் பிள்ளையார்பாளையத்துத் தறிக்கு அந்த வாரக் கூலியைக் கூட்டித்தர முடியாது. கொள்கைக்கும் தொகுதிக்கும் இடையிலான இந்த இழுபறி எந்தப் பெரிய தலைவரையும் விட்டதில்லை. ஐந்தே ஆண்டுகளில் விருதுநகர் காமராஜரையே தோற்கடித்தது.

சட்டமன்ற வாசல் மூடியபோது மாநிலங்களவை திறந்தது. ஐம்பது உறுப்பினர்களின் வலிமையால் அண்ணா 1962 ஏப்ரலில் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மே 1 அன்று ஆற்றிய முதல் உரையில் தம்மைத் திராவிட இனத்தவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, சுயநிர்ணய உரிமைக்காக வாதாடினார். கசப்பு இல்லாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசப்பட்ட அந்த உரை, தெற்கின் குரலை நாடு முழுவதும் கேட்க வைத்தது. காஞ்சிபுரம் அவரை மறுபடி தேர்ந்தெடுத்திருந்தால் இந்த உரை நிகழ்ந்திருக்காது. தொகுதியின் இழப்பு மாநிலத்துக்கு ஆதாயமாயிற்று என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்த ஆண்டு அக்டோபரில் சீனா தாக்கியது. அண்ணா பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்தி, போர் முயற்சிக்கு ஆதரவு அறிவித்தார். 1963இல் அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவரும் உறுப்பினராகப் பொறுப்பேற்பவரும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது அது. மாநிலங்களவையில் அண்ணா அதை எதிர்த்துப் பேசினார். ஆனால் சட்டமான பிறகு கட்சியின் முன் இரண்டே வழிகள் இருந்தன: கோரிக்கையை வைத்துக்கொண்டு அவையை விட்டு வெளியேறுவது, அல்லது கோரிக்கையைக் கைவிட்டு அவையில் நீடிப்பது. தி.மு.க. தன் விதியைத் திருத்திக்கொண்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா சொன்னார். 1956இல் திருச்சியில் எடுத்த முடிவுக்கு அவர் உண்மையாக இருந்தார் என்பதே அவையில் நீடித்ததன் பொருள். இதைச் சரணடைதல் என்று அன்று சிலர் ஏசினார்கள். இனக்கோரிக்கைகள் நாடாளுமன்றப் பாதையை இழந்த இடங்களில் அடுத்த தலைமுறை கொடுத்த விலையை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இலங்கையில் 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு நடந்தது அதற்குச் சான்று.

அதே மாநிலங்களவையில் 1963இல் பூபேஷ் குப்தா கொண்டுவந்த, மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடும் மசோதா விவாதத்துக்கு வந்தது. பெயர் மாறினால் என்ன கிடைக்கும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நாடாளுமன்றத்தின் கீழவைக்கு லோக் சபா என்றும் மேலவைக்கு ராஜ்ய சபா என்றும் பெயரிட்டதால் உங்களுக்கு என்ன கிடைத்ததோ அதுவே எங்களுக்கும் என்ற கருத்தில் அண்ணா திருப்பிக் கேட்டார். கோல்டு கோஸ்ட் கானா ஆனதையும் எடுத்துக்காட்டினார். மசோதா தோற்றது. அந்த ஆண்டே வந்த ஆட்சிமொழிச் சட்ட விவாதத்தில், 1965க்குப் பிறகு ஆங்கிலம் தொடரலாம் என்று சட்டம் சொல்வதற்கும் தொடர வேண்டும் என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கினார். அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிய அச்சம் வீணானதல்ல என்பதை 1965 ஜனவரியில் தமிழகத் தெருக்கள் காட்டின. மாணவர் போராட்டத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் பல உயிர்கள் போயின.

மேலவையிலிருந்து முதலமைச்சர்

1967இல் அண்ணா நின்றது தென்சென்னை மக்களவைத் தொகுதியில். மாநிலத்தில் ஆட்சி கிடைக்கும் என்று கட்சி உறுதியாக எதிர்பார்க்கவில்லை என்பதை இதுவே காட்டும். முன்பு கல்வித் திட்டத்துக்காக எதிர்த்த ராஜாஜி இப்போது சுதந்திராக் கட்சித் தலைவராகக் கூட்டணியில் இருந்தார். 234 இடங்களில் தி.மு.க. 137ஐ வென்றது. போட்டியிட்ட இடங்கள் மிகுதி என்பதால், மொத்த வாக்கு விழுக்காட்டில் காங்கிரஸ் சற்றே முன்னால் இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். கூட்டணிக் கணக்குதான் இடங்களைத் தீர்மானித்தது. அந்த ஆண்டு வட மாநிலங்கள் பலவற்றில் அமைந்த காங்கிரஸ் அல்லாத அரசுகள் கூட்டணி உடைந்தும் கட்சித் தாவலாலும் கவிழ்ந்தன. தனிப்பெரும்பான்மை கொண்ட சென்னை அரசு நிலைத்தது.

வெற்றி உறுதியானதும் அண்ணா திருச்சிக்குப் போய், பதினெட்டு ஆண்டுகளாகப் பிரிந்திருந்த பெரியாரைச் சந்தித்தார். 1967 மார்ச் 6 அன்று ஒன்பது பேர் கொண்ட அமைச்சரவை பொறுப்பேற்றது. கடவுள் பெயரைச் சொல்லாமல் உளமார உறுதி கூறினார்கள். அண்ணா மக்களவைப் பதவியை விட்டுவிட்டுச் சட்டமேலவை உறுப்பினரானார். முதலமைச்சர் ஆறு மாதத்துக்குள் ஏதேனும் ஓர் அவையில் உறுப்பினராக வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. 1952இல் ராஜாஜி நியமன உறுப்பினராக மேலவைக்கு வந்து முதலமைச்சரானது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. பொதுத் தேர்தலில் மக்களிடம் வாக்குக் கேட்டு வென்ற பிறகு வந்ததால் அண்ணா விஷயத்தில் அத்தகைய எதிர்ப்பு எழவில்லை. அந்த மேலவையே 1986இல் ஒழிக்கப்பட்டது.

ஆட்சிக்காலம் இரண்டு ஆண்டுக்கும் சற்றுக் குறைவு. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டு, நிதிச்சுமையால் மாநிலம் முழுவதும் விரிவாகாமல் நின்றது. மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி வாக்குக் கேட்ட கட்சிக்கு இது சிறு குறை அல்ல. சட்டங்களில் அந்த அரசு வலுவாக இருந்தது. புரோகிதரும் சடங்கும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததால், ஆயிரக்கணக்கான குடும்பங்களில் மனைவியின் நிலையும் பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குறியாகியிருந்தன. 1967இல் இந்துத் திருமணச் சட்டத்துக்குக் கொண்டுவந்த மாநிலத் திருத்தம், மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடந்த அத்தகைய திருமணங்கள் செல்லும் என்றது. முன்பு நடந்தவையும் செல்லும் என்றது. பழைய திருமணங்களுக்கும் பொருந்தும்படி எழுதிய அந்த ஒரு பிரிவில், ஒரு தலைமுறைப் பெண்களின் மானம் காக்கப்பட்டது. 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அரசுப் பள்ளிகளில் இந்தி கற்பித்தல் நின்றது. அந்த ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம் சைதாப்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்தது.

1968 டிசம்பர் 25 இரவு தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஏழைகளின் அரசு என்று வந்த ஆட்சியில் இது நடந்தது. முதலமைச்சர் அப்போது கடும் நோயில் இருந்தார் என்பது உண்மை. நிலவுடைமையின் கொடுமையைத் தடுக்க அந்த அரசு முன்கூட்டிச் செய்தது போதாது என்பதும் உண்மை.

பெயர் விவகாரம் அவர் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது. 1967 ஜூலை 18 அன்று, 1957இல் தோற்ற அதே கோரிக்கையைச் சட்டமன்றம் ஒருமனதாக ஏற்றது. இந்த முறை காங்கிரஸ் உறுப்பினர்களும் ஆதரித்தனர். பிறகு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1968 செப்டம்பரில் புற்றுநோய்க்காக நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பியிருந்த அண்ணா, டிசம்பர் 1 அன்று சென்னையில் நடந்த பெயர்மாற்ற விழாவுக்கு மெலிந்த உடலோடு வந்து பேசினார். சட்டம் 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. இருபது நாள் கழித்து, பிப்ரவரி 3 அன்று, 59 வயதில் அவர் காலமானார்.